ஊர்மன்றமும் வானொலி மன்றமும்

சேலம் நகரிலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதை இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. வளைவுக்கு வளைவு வெப்பம் தணியும்; மூங்கிற்புதர் மறைந்து காப்பித் தோட்டம் தோன்றும். ஏரியையும் சீமாட்டி இருக்கையையும் கண்டு களித்து, அன்று மாலையே இறங்கிவிடுவோர் பலர். அவர்கள் காணாது விடும் ஒன்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். அது கண்ணைக் கவரும் காட்சி ஒன்றும் அன்று. வெறும் ஒரு திறந்தவெளி. சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் கோயிலுக்கு முன்னாலோ பெரிய மரத்தின் அடியிலோ, ஊரார் கூடிப் பேசுவதற்கென்று விட்டுவைத்த இடம் அது.

இம்மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள நாட்டாரோடு இவர்களுக்குத் தொடர்பு இல்லை. மலையில் வாழ்பவர் என்பதே பெயரின் பொருள். பேசும் மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவருள் ஒருவர் சேர்வராயனிலும், ஒருவர் கொல்லிமலையிலும், ஒருவர் பச்சைமலையிலும் குடியேறினர் என்பது அவர்களுடைய மரபுக் கதை. கதை வரலாறு ஆகுமா என்று கேட்பீர்கள். காஞ்சியிலிருந்து வந்ததற்குக் கல்வெட்டுச் சான்று கேட்பவர் கேட்கட்டும். மூன்று மலைகளில் சிதறி வாழும் மக்கள் தம்மை ஒரு குடும்பமாகக் கருதினர் என்பதற்கு இக்கதையே போதிய சான்று எனலாம். நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை முதலிய ஊர்களில் இன்றும் அவர்கள் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனுக்கும் காவேரி அம்மனுக்கும் விழா எடுக்கின்றனர்.

இம்மக்களின் பழைய ஊராட்சியில் மூப்பன், பட்டக்காரர் போன்ற பதவிப் பெயர்கள் வழங்கின. பதவிகள் தந்தைக்குப் பின் மகனுக்கு என்று குடிவழியாக வந்தவை. நிலத்தகராறு, மணமுறிவு, விழாச் செலவு, தண்டம் ஆகிய அனைத்தும் ஊர்க்கூட்டத்திலேயே தீர்ந்தன. வழக்குமன்றம் ஏறி, வழக்கறிஞருக்கு மாட்டை விற்றுப் பணம் கொடுக்கும் நிலை பெரும்பாலும் அவர்களுக்கு நேரவில்லை. அந்த வகையில் அக்கூட்டம் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் அமைப்பைச் சற்று நோக்குங்கள். யார் முதலில் பேசுவது, யாருடைய சொல் முடிவானது, யார் எட்டி நின்று கேட்பது என்பவை எல்லாம் ஊரார் வந்து அமருமுன்பே முடிவாகிவிட்டவை. பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. இளைஞருக்கு வாய் இல்லை.

பழைய வழக்குகளுக்கு இம்முறை போதுமானதாக இருந்தது. முன்பு இப்படி நடந்தது, ஆகவே இப்போதும் இப்படித் தீர்ப்போம் என்று மூத்தவர் சொல்வார். ஆனால் முன்மாதிரியே இல்லாத வினாக்கள் மலையேறி வரத் தொடங்கின. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பவர் காப்பிப் பயிரை இம்மலையில் ஊன்றினார். தோட்டங்கள் பெருகின. 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. காடு அரசின் காப்பில் ஒதுக்கப்பட்டது. விறகு எடுப்பதும் மாடு மேய்ப்பதும் அனுமதி வேண்டும் செயல்கள் ஆயின. காப்பிக்குக் கூலியாள் ஆவதா, நாமே காப்பி பயிரிடுவதா, சாமையைக் கைவிடுவதா? எந்தப் பாட்டனும் இதற்கு விடை வைத்துவிட்டுப் போகவில்லை. தோட்ட முதலாளிகளோ தம் தொழிலுக்குரிய வினாக்களைத் தமக்குள் பேசி முடிவு செய்யச் சங்கங்கள் அமைத்தனர்; 1893இல் தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் ஐக்கிய சங்கமே உருவாகிவிட்டது. ஒரே மலையில் ஒரு சாரார் கூடிப் பேசிப் புதிய வழி கண்டனர். மற்றவர் கூடிப் பேசியும் பழைய வழியையே கண்டனர். இதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று நான் கருதவில்லை. அறியாதவற்றைப் பற்றிச் சமமானவர்களாய் அமர்ந்து ஆராய்வதற்குரிய ஓர் அமைப்பு இவர்களிடம் இல்லை.

சமமானவர் கூட்டம் என்றவுடன் தலைவர் வேண்டாத கூட்டம் என்று எண்ணிவிடலாகாது. உங்கள் கல்லூரி விடுதியில் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் கூடி ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். கால் மணி நேரத்திற்குள் இருவர் மட்டும் பேசிக்கொண்டிருப்பர், மூவர் தலையசைப்பர், மற்றவர் கடிகாரத்தைப் பார்ப்பர். தலைவர் இல்லாத இடத்தில் உரத்த குரல் தலைமை ஏற்றுக்கொள்கிறது. மூப்பனைப் போலத் தீர்ப்பும் கூறாமல், உரத்த குரலுக்கு இடமும் கொடுக்காமல் ஒரு சிறு குழுவை நடத்துவது எப்படி? இது பிறவியிலேயே வந்துவிடும் திறமை போலத் தோன்றலாம். ஆனால் இதற்கு ஒரு வரலாறு உண்டு. சில நாடுகளும், சில ஆண்டுகளும், சில மனிதர்களும் உண்டு.

அவ்வரலாற்றில் முதலில் குறிக்கத்தக்கது நம் சேலம் மாவட்டத்திலேயே நிகழ்ந்த ஒன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே இராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, 1929இல் ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழை அங்கிருந்து நடத்தியிருந்தார். கல்கி அதில் பணிபுரிந்தார். சட்டம் வந்தது, கடைகள் மூடப்பட்டன. கடை மூடிய மாலையில் ஆண்கள் எங்கே போவது என்னும் வினா எழுந்தது. இதனை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. கள்ளுக்கடை பணத்தைப் பறித்தது, குடும்பத்தைக் கெடுத்தது, எல்லாம் உண்மை. ஆயினும் ஒரு கூலித் தொழிலாளி தன்னை ஒத்த மற்றொருவனோடு, மேற்பார்வையாளன் கண் படாமல், மனம் விட்டுப் பேசிய இடமும் அதுதான். அரசும் இதனை உணர்ந்தே இருந்தது. தேநீர்க் கடை, பஜனை, விளையாட்டு முதலியவற்றை மாற்றாக ஏற்படுத்த முயன்றது. இத்திட்டத்தின் விளைவுகளை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையினர் நேரில் ஆராய்ந்தனர்.

பஜனையில் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவர். விளையாட்டில் வெற்றி தோல்வி உண்டு. இரண்டும் நல்லவை. ஆனால் கருத்து வேறுபட்டவர் அமர்ந்து பேசுவதற்கு இரண்டும் ஈடாகா. 1943இல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டபோது மாற்று ஏற்பாடுகளும் கலைந்தன. 1948 அக்டோபர் இரண்டாம் நாள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோதோ, மாலை நேரத்தைப் பற்றிய அந்த வினா அப்படியே காத்திருந்தது.

இங்கே ஒரு வியப்பான ஒப்புமையைக் கூறலாம். இதே வினாவைச் சுவீடன் நாட்டு மதுவிலக்கு இயக்கத்தார் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டனர். 1902இல், லுண்ட் நகரில், ஆஸ்கார் ஓல்சன் என்னும் மதுவிலக்குத் தொண்டர் சிறு படிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினார். குடியை விட்ட தொழிலாளர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, நூல்களைப் படித்து, படித்ததைப் பற்றிப் பேசினர். ஆசிரியர் கிடையாது. வட்டத்தின் தலைவர் மற்றவரைவிடக் கற்றவராய் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவர் தோழர்களுள் ஒரு தோழர். நூல் வாங்குவதற்கு 1912 முதல் அந்நாட்டு அரசு உதவி அளித்தது. மது மேசையின் இடத்தில் பேச்சு மேசை அமர்ந்தது என்றால் மிகையன்று.

நூலைச் சுற்றி அமர எழுத்தறிவு வேண்டும். அது குறைந்த இடத்தில் என்ன செய்வது? விடை வானொலியிலிருந்து வந்தது. அதுவும் கனடா நாட்டிலிருந்து வந்தது. அங்கே 1941இல் பண்ணை வானொலி மன்றம் என்னும் திட்டம் நாடு தழுவியதாக ஆயிற்று. பனிக்காலத்தில், திங்கட்கிழமை மாலைகளில், அண்டை வீட்டார் ஒரு வீட்டில் கூடுவர். ஆணும் பெண்ணும் சேர்ந்தே அமர்வர். முன்கூட்டியே அஞ்சலில் வந்த வழிகாட்டி ஏட்டைப் படித்திருப்பர். ஒலிபரப்பைக் கேட்டபின் விவாதிப்பர். தம் முடிவை எழுதி மாகாணச் செயலாளருக்கு அனுப்புவர். மன்றங்களின் கருத்துகள் பின்னர் வானொலியில் வெளிவரும். படி, கேள், விவாதி, செயற்படு என்பது அவர்களுடைய முழக்கம். தன் போக்கில் பேசிச் செல்லும் வானொலிக்கு முதன்முறையாக மறுமொழி கூற வழி கிடைத்தது.

இவ்வமைப்பை இந்தியாவில் சோதித்துப் பார்க்க யுனெஸ்கோவும் அகில இந்திய வானொலியும் முன்வந்தன. 1956 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அன்றைய பம்பாய் மாநிலத்தின் மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில், ஏறத்தாழ 150 சிற்றூர்களில் சோதனை நிகழ்ந்தது. புனே நிலையத்திலிருந்து வாரம் இருமுறை, பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஒவ்வோர் ஊரிலும் இருபது பேர் அளவில் ஒரு மன்றம், உறுப்பினர் ஆண்கள். முழக்கம் இங்கே கேள், விவாதி, செயற்படு என்று சுருங்கியது. படி என்னும் சொல் உதிர்ந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை: 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தாம்.

சோதனையின் பின்னணியில் நின்ற இருவரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஒருவர் ஜகதீஷ் சந்திர மாத்தூர். அப்போது அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநர். ‘கோணார்க்’ என்னும் இந்தி நாடகத்தை எழுதியவர். மற்றொருவர் பால் நியூராத்து. இவர் வியன்னாவில் பிறந்தவர். எழுத்தறியாதவருக்கும் புள்ளிவிவரத்தைப் படங்களால் விளக்கலாம் என்று ஒரு பட மொழியை வகுத்த ஆட்டோ நியூராத்தின் மகன். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது சிறைப்பட்டு, டாக்கவ், புக்கன்வால்டு ஆகிய இரு கொடிய முகாம்களில் இருந்து, 1939இல் விடுதலையாகி, பின்னர் அமெரிக்கா சென்று சமூகவியல் கற்றார். முகாம்களில் மனிதக் கூட்டம் எப்படி இயங்கியது என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ஒரு சொல் பேசினாலும் உயிர் போகக்கூடிய கூட்டத்தை உள்ளிருந்து கண்டவர், பதினேழு ஆண்டுகளுக்குப் பின், மராட்டியச் சிற்றூர்களில் இருபது உழவர் அச்சமின்றிப் பேசுவதை ஆராய வந்தார். வரலாற்றில் இத்தகைய திருப்பங்களை நான் பெரிதும் விரும்பிப் படிப்பதுண்டு.

பம்பாயிலிருந்த டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் துணையோடு நியூராத்து ஆய்வை நடத்தினார். மன்றம் இருந்த ஊர்கள், வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்கள், பெட்டியே இல்லாத ஊர்கள் ஆகிய மூவகையையும் ஒப்பிட்டார். நிகழ்ச்சிகளுக்கு முன்னும் பின்னும் அதே வினாக்களைக் கேட்டார். மன்றம் இருந்த ஊர்களில் மக்கள் அறிந்தவை மிகுதியாக வளர்ந்திருந்தன. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி சிறிதே. அதே ஒலிபரப்பு, அதே மொழி, அதே பேச்சாளர். வேறுபாடு கேட்டபின் கூடிப் பேசியதில்தான் இருந்தது. வானொலியில் பேசும் என்னைப் போன்றோர் செருக்குக் கொள்ளாதிருக்க இந்த ஒரு முடிவு போதும்.

அம்மன்றத்தில் தலைவர் ஒருவர், கூட்டுநர் ஒருவர் என்று இரு பொறுப்பாளர் இருந்தனர். தலைவர் பெரும்பாலும் ஊரின் மதிப்புக்குரியவர். கூட்டுநரே உண்மையில் மன்றத்தைத் தாங்கியவர். நேரத்துக்கு ஆட்களைச் சேர்ப்பது, பெட்டியைப் பேணுவது, பேசியவற்றை எழுதி வைப்பது, எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு அஞ்சல் செய்வது ஆகியவை அவர் கடமைகள். நிலையம் அவ்வினாக்களுக்கு அடுத்து வரும் நிகழ்ச்சிகளில் விடை கூறியது. ஊரின் பெயரோடு தம் வினாவைப் பெட்டியிலிருந்து கேட்கும் உழவருக்கு எவ்வளவு ஊக்கம் பிறந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கூட்டுநரின் மிகக் கடினமான பணி ஏட்டில் எழுத முடியாதது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அன்றைய பொருள் எருக்குழி. ஒலிபரப்பு முடிந்தது. ஊரில் மிகுந்த நிலம் உடையவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இதெல்லாம் நம் மண்ணுக்கு ஒத்து வராது” என்கிறார். இருபது தலைகளில் பதினைந்து தலைகள் அசைகின்றன. அன்றைய விவாதம் அத்துடன் முடிந்தாற்போலத்தான். இப்போது கூட்டுநர் என்ன செய்வது? மறுத்துப் பேசினால் அவரும் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவார், பெரியவருக்கும் மனத்தாங்கல். “வேறு யாரேனும் கருத்துக் கூறுகிறீர்களா?” என்று பொதுவாகக் கேட்டால் ஒருவரும் வாய் திறவார். கைதேர்ந்த கூட்டுநர் கடைசியில் அமர்ந்திருக்கும் சிறு குத்தகைக்காரரைப் பார்த்து, “போன கோடையில் உங்கள் குழியை எத்தனை அடி ஆழம் வெட்டினீர்கள்?” என்று கேட்பார். கருத்தைக் கேட்கவில்லை, அவர் கையால் செய்த வேலையைக் கேட்கிறார். அதற்கு விடை அந்த ஒருவருக்குத்தான் தெரியும். “மூன்று அடி வெட்டினேன், மழைத்தண்ணீர் நின்றுவிட்டது” என்று அவர் சொல்லத் தொடங்கினால், “மேட்டில் வெட்டியிருக்கலாமே” என்று இன்னொருவர் சொல்வார். பெரியவரும் தம் அனுபவத்தைச் சொல்வார். ஆனால் இப்போது அது தீர்ப்பாக இராது, இருபதில் ஒரு செய்தியாக இருக்கும்.

விடையைத் தாமே அறிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது இக்கலையின் மற்றொரு கூறு. பள்ளி ஆசிரியர்கள் கூட்டுநராக அமர்ந்த இடங்களில் இது எளிதாக இருந்திராது. ஆசிரியருக்கு அமைதி என்றால் வகுப்பு தோற்றதாகப் பொருள். குழுத் தலைவருக்கோ, வினாவுக்குப் பின்வரும் அமைதி ஒருவர் தம் சொற்களைக் கோத்துக்கொண்டிருக்கும் நேரம். அதில் புகுந்து தாமே பேசிவிட்டால், கோத்துக்கொண்டிருந்தவர் மீண்டும் முயலமாட்டார். நான் மாணவனாய் இருந்த நாளில் ஒரு விடுதி விவாதக் குழுவை நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. முதற் கூட்டத்தில் முக்கால் மணி நேரமும் நானே பேசினேன். மிகச் சிறப்பாக நடத்தியதாக எண்ணி மகிழ்ந்தேன். அடுத்த வாரம் நால்வர் வந்தனர். அவர்களுள் ஒருவர் வழி தவறி வந்தவர்.

புனேச் சோதனையின் அறிக்கை 1959இல் பாரிசில் யுனெஸ்கோ வெளியீடாக வந்தது. மன்றங்கள் செய்யத் துணிந்தவற்றின் பட்டியல் படிக்கச் சுவையானது: எலி ஒழிப்பு, கிணறு தோண்டுதல், நல்லினக் காளை வாங்குதல், லெகார்ன் கோழி முட்டை தருவித்தல், விற்பனைச் சங்கம், குழந்தைப் பள்ளி. எல்லாம் நிறைவேறின என்று அறிக்கை கூறவில்லை. ஆனால் கேட்டுக் கலையும் கூட்டமாக இருந்தவை பத்து வாரத்தில் முடிவெடுக்கும் அமைப்புகளாகிவிட்டன. அதுவே ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்தியது.

1959 நவம்பரில் இத்திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது; மன்றங்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. தமிழ்நாட்டில் சென்னை நிலையமும், 1939இல் தொடங்கிய திருச்சி நிலையமும் ஊரக ஒலிபரப்பில் ஈடுபட்டன. 1966இல் திருச்சியில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு அமைந்தது. அந்நாளில் பரவிய ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல்லுக்குத் தஞ்சை உழவர் ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். ஜப்பானிய இனத்தையும் நம் நாட்டு இனத்தையும் ஒட்டி உருவாக்கியது அந்நெல். ஏறத்தாழ 105 நாளில் விளைவது. நிலையத்தாருக்கு அப்பெயர் பெருமை அளித்தது, அளிக்க வேண்டியதுதான். ஆயினும் வானொலியில் கேட்ட விதையை முதலாண்டு விதைப்பதா வேண்டாமா என்று வரப்பில் நின்று வாதிட்டவர்களின் பேச்சுக்கு அப்பெயரில் இடமில்லை. அதே ஆண்டுகளில் உழவர் பயிற்சித் திட்டத்தின் கீழ், இருபது பேர் கொண்ட உழவர் விவாதக் குழுக்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டுநருமாக அமைக்கப்பட்டன. புனேயில் கண்ட வடிவமே வேறு பெயரில் தொடர்ந்தது எனலாம்.

பின்னர் மன்றங்கள் தளர்ந்தன. காரணங்களைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாத ஊர்களில் பெட்டி மின்கலத்தால் இயங்கியது. மின்கலம் தீர்ந்தபோது மன்றமும் ஓய்ந்தது. கையடக்கமான டிரான்சிஸ்டர் வந்ததும், கேட்பதற்காக ஓரிடத்தில் கூட வேண்டிய தேவை போயிற்று. கேட்டது தொடர்ந்தது, பேசியது நின்றது. இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சோதனை நடந்த பத்து வாரங்களில் ஒவ்வொரு கூட்டுநருக்கும் வழிகாட்ட ஆள் இருந்தது. அனுப்பிய வினாவுக்கு விடை வந்தது. எண்ணிக்கை ஆயிரம் ஆயிரமாய் ஏறியபோது ஏட்டில் மன்றம் எழுதப்பட்டது. கூட்டுநரைப் பயிற்றுவிப்பார் குறைந்தனர். கடிதத்துக்கு மறுமொழி அரிதாயிற்று. ஒருமுறை எழுதி விடை பெறாதவர் மறுமுறை எழுத என்ன இருக்கிறது?

மேலும் ஒரு குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. கனடாவில் கணவனும் மனைவியும் ஒரு மேசையில் அமர்ந்து பேசினர். நம் மன்றம் ஆடவர் மன்றமாகவே அமைந்தது. விதையைப் புடைத்து வைப்பவளும், எருவைச் சுமப்பவளும், கோழி வளர்ப்பவளும் அதில் இல்லை. லெகார்ன் முட்டை வாங்கலாம் என்று இருபது ஆண்கள் தீர்மானம் செய்கின்றனர். அடை வைப்பவளைக் கேட்பார் இல்லை! மூப்பன் காலத்து மலைக்கூட்டத்தில் கண்ட அதே குறை, சமத்துவம் பேசிய மன்றத்திலும் தொடர்ந்தது. நிலமற்றவரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. உழவர் மன்றம் என்றால் நிலமுடையவர் மன்றம் என்றுதான் பல இடங்களில் பொருள் கொள்ளப்பட்டது.

இக்கலை ஆடவர் மன்றத்தோடு மறைந்துவிட்டதா என்றால், இல்லை. அது எங்கே சென்று சேர்ந்தது என்பதை அறிய நாம் மீண்டும் சேர்வராயன் மலைக்கே வரவேண்டும். மலையின் வடக்கே தருமபுரி மாவட்டம் இருக்கிறது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 1989ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு அரசின் மகளிர் வளர்ச்சித் திட்டம் அங்கே தொடங்கியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை ஒரு குழு, வாரம்தோறும் கூட்டம், சிறு சேமிப்பு, ஒருவர் ஊக்குநர், அவருக்குத் துணையாகப் பிரதிநிதிகள். 1990களின் தொடக்கத்தில் அது சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. சுய உதவிக் குழு என்று இன்று ஊர்தோறும் வழங்கும் அமைப்பு இவ்வாறு தோன்றியதுதான்.

இருபது பேர், ஒரு வட்டம், ஒரு பதிவேடு. இதனை நாம் முன்பே கண்டிருக்கிறோம் அல்லவா? ஆனால் புனேயில் இல்லாத இரண்டு இங்கே உண்டு. கூட்டத்தின் நடுவே அவர்களுடைய சொந்தப் பணம் இருக்கிறது. யாருக்குக் கடன், எவ்வளவு, எப்போது திருப்புவது என்பதை அவர்களே பேசித் தீர்க்க வேண்டும். ஆகவே பேச்சு வெறும் பேச்சாக நிற்பதில்லை. மற்றொன்று, தலைமை. ஊக்குநர் பொறுப்பு ஒருவரிடமே நிலைத்துவிடாமல் முறை வைத்து மாறிவர வேண்டும் என்பது குழுக்களுக்குச் சொல்லப்படும் நெறி. எல்லாக் குழுக்களும் இதனைக் கடைப்பிடிக்கின்றன என்று சொல்ல மாட்டேன். எழுதத் தெரிந்தவரிடமே பொறுப்பு தங்கிவிடுவது இயல்பு. கணவன் பின்னாலிருந்து கணக்கை நடத்தும் குழுக்களும் உண்டு.

ஏற்காட்டு ஒன்றியத்து ஊர்களிலும் இத்தகைய குழுக்கள் உள்ளன. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி, குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் முதலிய நாட்களில் கிராம சபையும் கூடுகிறது. அதில் ஆணும் பெண்ணும் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். நீங்கள் விடுமுறையில் அம்மலைக்குச் செல்வீர்களாயின், ஏரியில் படகு விட்டபின் சிறிது நேரம் ஒதுக்கி ஏதேனும் ஒரு சிற்றூருக்குள் நடந்து செல்லுங்கள். மிளகுக்கொடி ஏறிய மரங்களைத் தாண்டிக் கோயில் முன்னுள்ள திறந்தவெளி வரும். மூப்பன் அமர்ந்த இடம் எது என்று முதியவர் எவரேனும் காட்டுவார். நீங்கள் போகும் நாள் குழுக் கூட்ட நாளாக இருந்தால், அதே வெளியில் பெண்கள் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். எட்டி நில்லுங்கள், இடையூறு செய்ய வேண்டாம். தீர்மான நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதையும், இம்முறை அது யார் கைக்கு மாறுகிறது என்பதையும் மட்டும் பார்த்து வாருங்கள்.